டபுள்-டபுளும் சில மனத்தாங்கல்களும்

2008 மே மாதத்தில், கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்து லண்டன் நகரில், காப்பிக் கடை ஊழியர் ஒருவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். கடைக்கு வந்திருந்த ஒரு கைக்குழந்தை சிணுங்கியிருக்கிறது. அவர் காசு வாங்காமல் ஒரு டிம்பிட்டை எடுத்துக் கொடுத்துவிட்டார். டிம்பிட் என்பது எலுமிச்சம்பழத்தைவிடச் சிறிய, சர்க்கரை பூசிய மாவு உருண்டை. அன்று அதன் விலை 16 சென்ட். நான்கு பிள்ளைகளைத் தனியாக வளர்த்துவந்த அந்தப் பெண்ணின் கதை செய்தித்தாளில் வந்ததும் நாடே கொதித்தது. நிறுவனம் அவசர அவசரமாக வருத்தம் தெரிவித்து அவரைத் திரும்ப வேலைக்கு எடுத்துக்கொண்டது.

வேறு கடையில் நடந்திருந்தால் இது உள்ளூர்ச் செய்தியாகவே முடிந்திருக்கும். நடந்தது டிம் ஹார்ட்டன்ஸில். கனடாக்காரர்கள் இந்தக் கடையைத் திட்டும்போது அதில் ஏமாந்த வாடிக்கையாளரின் குரல் கேட்காது; பங்காளிச் சண்டையின் குரல்தான் கேட்கும். ஒரு துளி காப்பி ஆறிப்போனாலும், டோனட் ஒரு விரற்கடை சிறுத்தாலும், கடை கைமாறினாலும், தங்களைக் கேட்காமல் வீட்டுச் சொத்தை யாரோ விற்றுவிட்டதுபோல் பேசுவார்கள். பேசி முடித்ததும் மறுநாள் காலை அதே வரிசையில் வந்து நிற்பார்கள். அறுபது ஆண்டுகளாக நடக்கும் இந்த உறவின் கதை ஒரு ஹாக்கி வீரரிடமிருந்து தொடங்குகிறது.

டிம் ஹார்ட்டன் 1930இல் வடக்கு ஒன்டாரியோவில் கோக்ரேன் என்ற ஊரில் பிறந்தவர். டொரண்டோ மேப்பிள் லீஃப்ஸ் அணியின் தடுப்பாட்டக்காரர். 1962, 1963, 1964, 1967 ஆகிய நான்கு ஆண்டுகளில் அந்த அணி ஸ்டான்லி கோப்பையை வென்றபோது உடனிருந்தவர். இன்றைய வீரர்களைப்போல் அன்றைய ஹாக்கி வீரர்களுக்குக் கோடிக்கணக்கில் சம்பளம் கிடையாது. ஆட்டப் பருவம் முடிந்ததும் ஏதாவது வேலைக்குப் போவார்கள். ஓய்வுக்குப் பிறகு என்ன செய்வது என்ற கவலை எல்லோருக்கும் இருந்தது. ஹார்ட்டனும் கார் விற்றுப் பார்த்தார், ஹாம்பர்கர் கடை போட்டுப் பார்த்தார். ஸ்கார்பரோவில் டோனட் கடை நடத்திய அனுபவமுள்ள ஜிம் சராட் என்பவர் கூட்டுச் சேர்ந்த பிறகுதான் தொழில் பிடிபட்டது.

1964இல் ஹாமில்டன் நகரின் ஒட்டாவா தெருவில் முதல் கடை திறந்தது. ஹாமில்டன் இரும்பாலை ஊர். ஸ்டெல்கோ, டொஃபாஸ்கோ ஆலைகளில் இரவும் பகலும் ஷிஃப்ட் மாறிக்கொண்டிருக்கும். விடியற்காலை வேலை முடிந்து வருகிறவருக்கும், வேலைக்குப் போகிறவருக்கும் சூடாக ஏதாவது வேண்டும், உட்கார ஓர் இடம் வேண்டும், அதிகச் செலவும் ஆகக்கூடாது. கடையில் இருந்தவை இரண்டே பொருள்கள்: காப்பியும் டோனட்டும். ஆப்பிள் ஃபிரிட்டரும், உலர்திராட்சை போட்ட சதுர டட்ச்சியும் தொடக்கக் காலத்தில் அதிகம் விற்றவை.

அடுத்த ஆண்டே அந்தக் கடை ரான் ஜாய்ஸ் என்பவர் கைக்கு வந்தது. நோவா ஸ்கோஷியா மாகாணத்தின் டாடமகூஷ் என்ற சிற்றூரில் பிறந்து, கடற்படையில் இருந்துவிட்டு ஹாமில்டன் போலீஸில் சேர்ந்தவர் அவர். போலீஸ் வேலையை விட்டுவிட்டுக் காப்பிக் கடைக்காரரான ஜாய்ஸ், 1967இல் ஹார்ட்டனுக்குச் சமபங்குக் கூட்டாளி ஆனார். பெயர் ஹார்ட்டனுடையது, கடையை வளர்த்தவர் ஜாய்ஸ். 1974 பிப்ரவரி 21 அதிகாலையில், டொரண்டோவில் ஆடிவிட்டு பஃபலோவுக்குக் காரில் திரும்பும் வழியில் ஹார்ட்டன் விபத்தில் இறந்துபோனார். வயது 44. அப்போது சுமார் 40 கடைகள் இருந்தன. மறு ஆண்டு அவருடைய மனைவி லோரியிடமிருந்து பாதிப் பங்கை 10 லட்சம் டாலருக்கு ஜாய்ஸ் வாங்கிக்கொண்டார். கணவரின் பங்கு அடிமாட்டு விலைக்குப் போய்விட்டதாகப் பின்னாளில் லோரி வழக்குப் போட்டு 1993இல் தோற்றார். இந்தக் கடையின் பெயரால் வந்த முதல் பெரிய மனத்தாங்கல் நிறுவனரின் வீட்டுக்குள்ளேயே எழுந்ததுதான்.

அந்தக் காலத்தில் தெற்கு ஒன்டாரியோவில் டோனட் கடைகளுக்குப் பஞ்சமில்லை. மிஸ்டர் டோனட், கன்ட்ரி ஸ்டைல் என்று பல சங்கிலிகள் தெருவுக்குத் தெரு இருந்தன. டோனட்டை வைத்து கனடாவின் சமூக வரலாற்றை எழுதிய ஸ்டீவ் பென்ஃபோல்ட், இந்தக் கடைகளைக் காரும் தொழிற்சாலையும் சேர்ந்து பெற்றெடுத்த இடங்களாகக் காட்டுகிறார். நெடுஞ்சாலை ஓரத்தில் வண்டி நிறுத்த இடம், இரவெல்லாம் விளக்கு, ரோந்து போலீஸ்காரர், லாரி ஓட்டுநர், வீட்டுக்குப் போக மனமில்லாத வாலிபர்கள். மதுக்கடைக்கும் தேவாலயத்துக்கும் நடுவில், யாரும் யாரையும் கேள்வி கேட்காத ஓர் இடம் ஊருக்கு ஊர் கிடைத்தது.

ஹார்ட்டன் கடைகளின் உயிர் கூடத்துக்குப் பின்னால் இருந்த சமையல் அறையில் இருந்தது. ஒவ்வொரு கடையிலும் ஒரு ரொட்டிக்காரர் உண்டு. ஊர் உறங்கும் நேரத்தில் மாவைப் பிசைந்து, புளிக்க வைத்து, வளையமாக வெட்டி, எண்ணெயில் பொரித்து, சர்க்கரைப் பாகு பூசுவார். காலை ஐந்து மணிக்கு வருகிறவர் கதவைத் திறந்ததும் அந்த வாசனைதான் முதலில் வரவேற்கும். காப்பிக்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு: வடித்து இருபது நிமிடம் ஆகிவிட்டால் மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். ஃபிரான்சைஸ் எடுத்தவர் பெரும்பாலும் அந்த ஊரிலேயே குடியிருப்பவர். உள்ளூர்ச் சிறுவர் ஹாக்கி அணிக்கு அவர்தான் சட்டை வாங்கிக் கொடுப்பார். ஏழைப் பிள்ளைகளை ஏரிக்கரை முகாமுக்கு அனுப்ப ஹார்ட்டன் பெயரில் ஜாய்ஸ் ஓர் அறக்கட்டளையும் தொடங்கினார்.

1976இல் டிம்பிட் வந்தது. 1991இல் 500ஆவது கடை. அடுத்த 500 கடைகளைத் திறக்க நான்கு ஆண்டுகளே ஆயின. இரண்டு பங்கு கிரீமும் இரண்டு கரண்டி சர்க்கரையும் சேர்ந்த ‘டபுள்-டபுள்’ காப்பியைக் கேட்காத ஊர் கனடாவில் இல்லை என்றானது. 2002 வாக்கில், கனடாவில் விற்பனையில் மெக்டொனால்ட்ஸையும், மக்கள் வாயில் ‘டிம்ஸ்’ என்று சுருங்கிய டிம் ஹார்ட்டன்ஸ் தாண்டியிருந்தது.

இந்தப் பாசத்தை இறுக்கிக் கட்டியது ஒரு காகிதக் கோப்பை. 1986இல் விற்பனைப் பிரிவுத் தலைவர் ரான் ப்யூஸ்டுக்கு, கோப்பை தயாரிக்கும் லில்லி நிறுவனத்துக்காரர் ஒரு யோசனை சொன்னார். கோப்பையின் விளிம்பு வெளிப்புறமாகச் சுருட்டப்பட்டிருக்கிறது. அந்தச் சுருளுக்குள் பரிசுச் செய்தியை அச்சிட்டால் என்ன? குடித்து முடித்த பிறகுதான் தெரியும், கூடுதல் சீட்டும் தேவையில்லை. ‘ரோல் அப் த ரிம்’ போட்டி அப்படிப் பிறந்தது. முதல் ஆண்டில் கிடைத்த மிகப் பெரிய பரிசே ஒரு பெட்டி டிம்பிட்தான். பிறகு கார், தொலைக்காட்சி, ரொக்கம் என்று பரிசுகள் வளர்ந்தன.

குளிர் முடியாத பிப்ரவரி, மார்ச் மாதங்களில் நாடே கோப்பை விளிம்பைப் பல்லால் கடித்துச் சுருளை விரித்தது. பல் வலிக்கிறது என்று அதற்கென ஒரு சின்னக் கருவியைக்கூட ஒருவர் செய்து விற்றார். 2006இல் கியூபெக் மாகாணத்தில் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி குப்பைத் தொட்டியில் கிடந்த கோப்பையை எடுத்தாள். விளிம்பைப் பிரிக்க வராமல் தன்னைவிடப் பெரியவளான தோழியிடம் உதவி கேட்டாள். உள்ளே கார் பரிசு. இரு குடும்பங்களும் மோதிக்கொண்டன. கோப்பையை எறிந்தவன் நான்தான், வேண்டுமானால் எச்சிலை டி.என்.ஏ. சோதனை செய்து பாருங்கள் என்று மூன்றாவதாக ஒருவர் கிளம்பினார். இலவசக் காப்பிதான் பெரும்பாலோருக்குக் கிடைத்த பரிசு. ஆனாலும் அந்தச் சில வாரங்களில் வழக்கத்தைவிட ஒரு கோப்பை கூடுதலாகக் குடிக்காதவர்கள் குறைவு.

விளம்பரமும் ‘நம் கடை’ என்ற இந்த உரிமை உணர்வைக் கிளறிக்கொண்டே இருந்தது. 1990களின் நடுவில் வந்த ‘உண்மைக் கதைகள்’ வரிசையில், நோவா ஸ்கோஷியாவின் லூனன்பர்க் ஊர் மூதாட்டி ஒருவர் கைத்தடி ஊன்றி, மேட்டில் ஏறி தினமும் டிம்ஸுக்கு வருவார். 2006 குளிர்கால ஒலிம்பிக்ஸ் சமயத்தில் வந்த விளம்பரத்தில் சீனத்திலிருந்து குடியேறிய ஒரு தாத்தா, பேரனின் ஹாக்கி ஆட்டத்தைப் பார்க்க வந்து, தன் மகனோடு பேசாமல் விட்டதை ஒரு கோப்பைக் காப்பியோடு பேசித் தீர்ப்பார். குளிர், ஹாக்கி, குடியேற்றம் ஆகிய மூன்றையும் ஒரே கோப்பையில் ஊற்றிக் கொடுத்த விளம்பரம் அது. அதே ஆண்டு ஆப்கானிஸ்தானின் கந்தஹாரில், கனடா ராணுவத்தினர் இருந்த தளத்தில் ஒரு கிளை திறந்தது. 2011இல் மூடப்படும்வரை அங்கே 40 லட்சம் கோப்பைக் காப்பியும் 30 லட்சம் டோனட்டும் போயின.

அரசியல்வாதிகள் இதைக் கவனிக்காமல் விடுவார்களா? 2009 செப்டம்பரில் ஐ.நா. பொதுச் சபையில் உலகத் தலைவர்கள் கூடியிருந்த அதே நாளில், பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பர் ஓக்வில் நகரில் இருந்த டிம் ஹார்ட்டன்ஸ் மையத்துக்குப் போனார். நிறுவனம் அமெரிக்கப் பதிவிலிருந்து கனடாப் பதிவுக்குத் திரும்பியதைக் கொண்டாடும் விழா அது. எதிர்க்கட்சிகள் கேலி செய்தன. ஹார்ப்பருக்குத் தெரிந்த கணக்கு வேறு: தேர்தலில் ஓட்டுப் போடுகிறவர் ஐ.நா.வில் உட்கார்ந்திருக்கவில்லை, டிம்ஸில் உட்கார்ந்திருந்தார்.

‘திரும்பியது’ என்றால் முன்பே எங்கோ போயிருக்க வேண்டும் அல்லவா? போயிருந்தது. 1995இல் ரான் ஜாய்ஸ் நிறுவனத்தை அமெரிக்காவின் வெண்டீஸ் ஹாம்பர்கர் சங்கிலியோடு இணைத்தார். பெயரும் சிவப்புப் பலகையும் மாறவில்லை, அதனால் ஊர் பெரிதாகச் சலனப்படவில்லை. மாற்றம் தெரிந்தது சமையல் அறையில்.

2002, 2003 வாக்கில் கடைகளில் இரவு ரொட்டிக்காரர்கள் மறையத் தொடங்கினார்கள். ஒன்டாரியோவின் பிரான்ட்ஃபோர்டில் கட்டிய பேராலையில் டோனட்டை முக்கால் பதத்துக்குச் செய்து, உடனே உறைய வைத்து, குளிர்சாதன லாரிகளில் அனுப்பினார்கள். கடைக்காரர் அதை அடுப்பில் சூடேற்றி, மேல்பூச்சுப் பூசினால் போதும். ஆலையில் பாதிப் பங்கு டிம்ஸுக்கு, மறுபாதி ஐரோப்பிய நிறுவனத்துக்கு. நிர்வாகம் சொன்ன காரணங்களில் பொய் இல்லை: நல்ல ரொட்டிக்காரர் கிடைப்பது அரிது, இரவில் செய்தது மதியத்துக்குள் காய்ந்துவிடுகிறது, ஊருக்கு ஊர் தரம் மாறுகிறது. உறைந்த டோனட்டை எந்த மணிக்கும் எடுத்துச் சூடாக்கலாம். ‘எப்போதும் புதிது’ என்ற வாசகமும் பலகையில் அப்படியே இருந்தது.

வாடிக்கையாளருக்குச் சட்டென்று காரணம் பிடிபடவில்லை. டோனட் சிறுத்துவிட்டது என்றார்கள். மாவு ரப்பராக இழுக்கிறது என்றார்கள். முன்பிருந்த வகைகள் எங்கே என்றார்கள். காலை வாசனை போய்விட்டது என்பதை மட்டும் எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். கடைக்காரர்களுக்கோ கணக்கு உதைத்தது. ஆலையிலிருந்து வாங்கும் டோனட்டின் விலை தாங்களே செய்ததைவிடக் கூடுதல் என்று சிலர் நீதிமன்றம் போனார்கள். 2012இல் ஒன்டாரியோ உயர் நீதிமன்றம் அந்த வழக்கைத் தள்ளுபடி செய்தது. அதற்குள் நிறுவனம் ஆலையில் தனக்கிருந்த பாதிப் பங்கை 2010இல் 47.5 கோடி டாலருக்கு விற்றுவிட்டிருந்தது.

இங்கே தொழிலின் உள்கட்டைச் சற்று விளக்க வேண்டும். டிம்ஸ் கடையில் நாம் கொடுக்கும் காசு நேராகத் தலைமையகத்துக்குப் போவதில்லை. கடை, ஃபிரான்சைஸ் எடுத்தவருடையது. அவர் விற்பனையில் ஒரு பங்கை உரிமத் தொகையாகவும், இன்னொரு பங்கை விளம்பர நிதிக்கும் கொடுக்க வேண்டும். பெரும்பாலான இடங்களில் கட்டடத்தின் வாடகையும் தலைமையகத்துக்கே. காப்பித் தூள், கோப்பை, மாவு, டோனட் என்று சரக்கையும் அங்கிருந்தே வாங்க வேண்டும். வீட்டுக்காரரும் மொத்த வியாபாரியும் ஒருவரே. சரக்கு விலை ஏறினால் தலைமையகத்துக்கு லாபம், கடைக்காரருக்கு நஷ்டம். கல்லாவில் நிற்கும் முகம் மட்டும் கடைக்காரருடையது. வாடிக்கையாளரின் கோபம் முதலில் விழுவதும் அந்த முகத்தில்தான்.

2006இல் வெண்டீஸ் டிம்ஸைப் பங்குச் சந்தையில் இறக்கித் தனியாக்கியது. சந்தை பங்குகளை அள்ளிக்கொண்டது. சில்லறை முதலீட்டாளர் பலர் வாங்கியது லாபத்துக்காக மட்டுமல்ல, நம் கடையில் நமக்கும் ஒரு பங்கு என்ற ஆசைக்காகவும்தான். அந்த ஆசைக்கு எட்டு ஆண்டு ஆயுள். 2014 ஆகஸ்டில் பர்கர் கிங் நிறுவனம் சுமார் 1,250 கோடி கனடிய டாலருக்கு டிம்ஸை வாங்குவதாக அறிவித்தது. பின்னால் இருந்தது பிரேசில் முதலீட்டாளர்கள் தொடங்கிய 3ஜி கேபிடல். ஹைன்ஸ் போன்ற நிறுவனங்களை வாங்கி, செலவை எலும்புவரை சீவி, லாபத்தைக் கூட்டுவதில் பெயர் வாங்கியவர்கள். புதிய தாய் நிறுவனத்தின் பெயர் ரெஸ்டாரண்ட் பிராண்ட்ஸ் இன்டர்நேஷனல். தலைமையகம் கனடாவிலேயே இருக்கும் என்று அரசுக்கு வாக்குக் கொடுத்தார்கள், கொடுத்தபடி இருந்தது. இணைப்பு முடிந்த மறு மாதம், 2015 ஜனவரியில், தலைமையகத்திலும் மண்டல அலுவலகங்களிலும் சுமார் 350 பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

வேலை இழந்தவர்களில் பலர், கடைக்காரர்களுக்கு ஒரு சிக்கல் என்றால் தொலைபேசியில் கூப்பிடக்கூடியவர்கள். அந்தக் குரல்கள் போனதும், பலநாள் புகைச்சல் எரியத் தொடங்கியது. 2017இல் கடைக்காரர்கள் தனிச் சங்கம் வைத்து, விளம்பர நிதி தவறான வழியில் செலவாகிறது, சரக்கு விலை ஏறுகிறது என்று வழக்குத் தொடுத்தார்கள். அந்த வழக்குகள் 2019இல்தான் சமரசத்தில் முடிந்தன.

இடையில் வந்தது 2018 ஜனவரி. ஒன்டாரியோ அரசு புத்தாண்டு முதல் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 11.60 டாலரிலிருந்து 14 டாலராக உயர்த்தியது. கோபர்க் என்ற சிற்றூரில் இரண்டு கிளைகளின் உரிமையாளர்கள் ஊழியருக்கு ஒரு கடிதம் கொடுத்தார்கள்: இனி இடைவேளை நேரத்துக்குச் சம்பளம் இல்லை, மருத்துவச் சலுகையில் ஒரு பகுதியை ஊழியரே கட்ட வேண்டும். கடிதம் வெளியே வந்ததும் புயல் கிளம்பியது. உரிமையாளர்கள் வேறு யாருமில்லை. ரான் ஜாய்ஸின் மகனும், அவர் மணந்துகொண்ட டிம் ஹார்ட்டனின் மகளும். இரண்டு நிறுவனர்களின் பிள்ளைகளே இப்படிச் செய்தார்கள் என்பது செய்தியை இன்னும் கசப்பாக்கியது. மாகாண முதல்வர் கேத்லீன் வின் இதை அடாவடி என்றார். கடும் குளிரில் கடை வாசல்களில் ஆர்ப்பாட்டங்கள் நடந்தன. செவ்வாய்க்கிழமை ஒருநாள் டிம்ஸைத் தொடாதீர்கள் என்று ஒரு பிரச்சாரம் பரவியது.

கடைக்காரர் சங்கம் வேறு பக்கத்தைச் சொன்னது. கூலி உயர்வை ஈடுகட்டக் காப்பி விலையை உயர்த்தலாம். ஆனால் விலையைத் தீர்மானிப்பது தலைமையகம், அது சம்மதிக்கவில்லை. தலைமையகமோ, கோபர்க்கில் நடந்தது சில கடைக்காரர்களின் தன்னிச்சையான செயல் என்று ஒதுங்கிக்கொண்டது. காப்பி வாங்க வந்தவருக்கு இந்தத் தாயாதி வழக்கில் எந்தப் பக்கம் நியாயம் என்று ஆராயப் பொறுமை இல்லை. பலகையில் இருந்த ஒரே பெயரின் மேல் எல்லாப் பழியும் விழுந்தது. அந்த ஆண்டு லெஜே நிறுவனம் வெளியிட்ட, கனடியர்கள் மதிக்கும் நிறுவனங்களின் பட்டியலில் 4ஆவது இடத்திலிருந்த டிம் ஹார்ட்டன்ஸ் 50ஆவது இடத்துக்குச் சரிந்தது. கடைகளைப் புதுப்பிக்க 70 கோடி டாலர் திட்டம் ஒன்றை நிறுவனம் அறிவித்தது. கோபத்துக்குக் காரணம் பழைய நாற்காலிகள் அல்ல என்று அதற்குத் தெரியாமல் இருந்திருக்காது.

காப்பியின் சுவை மாறிவிட்டது என்பது இன்னொரு நெடுநாள் வழக்கு. கலவை மாறவே இல்லை என்பது நிறுவனத்தின் நிரந்தரப் பதில். எதிர்க்கடைக்காரர் சும்மா இருக்கவில்லை. 2009இல் மெக்டொனால்ட்ஸ் தன் காப்பியைப் புதிதாக வறுத்து, கனடா முழுக்கக் கொஞ்ச நாள் இலவசமாகவே ஊற்றிக் கொடுத்தது. டிம்ஸ் விசுவாசிகளில் பலர் அப்போதுதான் முதல்முறையாக எதிர்ச்சாரியில் கால் வைத்தார்கள். 2012இல் டிம்ஸ் கோப்பை அளவுகளை மாற்றியது: நேற்றுவரை சிறியது என்று கேட்டு வாங்கியது இன்று மிகச் சிறியது ஆனது, நடுத்தரம் சிறியதானது. பல ஆண்டுப் பழக்கத்தில் வாய் தானாகச் சொல்லும் வார்த்தைக்கு வேறு அளவுக் கோப்பை வந்ததில் சில நாள் கல்லா அருகே குழப்பம். 2014இல் கருவறுவல் காப்பி ஒன்று அறிமுகமானது. ஐம்பது ஆண்டுகளில் நிறுவனம் கொண்டுவந்த முதல் புதுக் கலவை அதுதான். பழைய காப்பியை மாற்றாமல் பக்கத்தில் ஒன்றை வைத்தது விவேகம்.

பாசத்தைக் காகிதத்திலிருந்து கைப்பேசிக்கு மாற்றியபோது சிக்கல் வேறு உருவம் எடுத்தது. 2019இல் வந்த விசுவாச அட்டைத் திட்டத்தில், ஏழு முறை வாங்கினால் ஒரு காப்பி இலவசம். எளிமையான கணக்கு, கிழவரும் விரல்விட்டு எண்ணலாம். அடுத்த ஆண்டே அது புள்ளிக் கணக்காக மாறியது, பின்னர் செலவழிக்கும் டாலருக்கு இத்தனை புள்ளி என்று மறுபடி மாறியது. 2020 மார்ச்சில் கொரோனா வந்ததும், வாயில் வைத்த கோப்பை விளிம்பை ஊழியர் கையில் வாங்குவது ஆபத்து என்று காகிதப் போட்டியை நிறுத்தி, பரிசுகளைச் செயலி வழியே பிரித்துக் கொடுத்தார்கள். பிறகு போட்டி செயலிக்குள்ளேயே குடியேறியது. பெயரிலிருந்து ‘ரிம்’, அதாவது விளிம்பு, உதிர்ந்தது. பல்லால் கடிக்க ஒன்றுமில்லை, திரையைத் தட்டினால் போதும்.

செயலி என்ன செய்துகொண்டிருந்தது என்பது 2022 ஜூனில் தெரிந்தது. ஒரு செய்தியாளர் தன் கைப்பேசியை ஆராய்ந்து எழுதியதைத் தொடர்ந்து, கனடாவின் தனியுரிமை ஆணையரும் மூன்று மாகாணங்களின் ஆணையர்களும் விசாரித்தார்கள். செயலியைத் திறக்காத நேரத்திலும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை அது இருப்பிடத்தைப் பதிவு செய்திருக்கிறது. வாடிக்கையாளரின் வீடு எது, வேலை இடம் எது, அவர் எப்போது எதிர்க்கடைக்குள் நுழைந்தார் என்பதுவரை அதால் ஊகிக்க முடிந்தது. சட்டத்தை மீறியிருக்கிறார்கள் என்று ஆணையர்கள் முடிவு சொன்னார்கள். வழக்குகளைத் தீர்க்க நிறுவனம் முன்வைத்த இழப்பீடு ஒரு சூடான பானமும் ஒரு பேக்கரிப் பண்டமும். பின்தொடர்ந்து வேவு பார்த்ததற்கு ஒரு காப்பியா என்று சிரித்தவர்கள் உண்டு. அந்தக் காப்பியை வாங்கவும் அதே கடைக்குத்தான் போக வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் வரிசை ஏன் குறையவில்லை? கனடா முழுக்க ஏறத்தாழ 4,000 கிளைகள் உள்ளன. பல சிற்றூர்களில் விடிவதற்கு முன் விளக்கு எரியும் ஒரே கடை அதுதான். சிறப்புக் காப்பிக் கடைகளில் ஒரு கோப்பைக்கு வாங்கும் விலையில் டிம்ஸில் இரண்டு வாங்கலாம். மைனஸ் இருபது டிகிரியில், ஓய்வு பெற்ற நாலு பேர் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து ஊர்வம்பு பேச வேறு கூரை கிடையாது. இந்தக் காரணங்களில் டோனட்டின் சுவை இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

டொரண்டோத் தமிழர்களுக்கு இது தெரிந்த கணக்கு. 1983க்குப் பின் இலங்கையிலிருந்து வந்து ஸ்கார்பரோவில் இறங்கியவர்களில் பலருக்கு முதல் வேலை தொழிற்சாலையிலோ, உணவகத்திலோ, டோனட் கடையிலோதான் கிடைத்தது. இரவு ஷிஃப்ட் முடிந்து பேருந்துக்குக் காத்திருக்கும்போது கையில் சூட்டுக்கு ஒரு கோப்பை. வாடகை அறையில் ஏழெட்டுப் பேர் தங்கியிருந்தபோது, ஆட்களைச் சந்தித்துப் பேச ஒரு மேசை. சீட்டுக் காசு கைமாறியதும், ஊர்ச் சங்கக் கூட்டத்துக்கு நாள் குறித்ததும் அந்த மேசைகளில்தான். பால் ஏலக்காய்த் தேநீரோ, சுக்குக் கோப்பியோ கேட்டு வளர்ந்த நாக்குக்கு டபுள்-டபுளின் இனிப்பு அந்நியமாகவும் படவில்லை. பிள்ளைகள் ஸ்டார்பக்ஸுக்குப் போகிறார்கள். பெற்றோர் டிம்ஸில் உட்கார்ந்து, இப்போதெல்லாம் காப்பி தண்ணீராக இருக்கிறது என்று சலித்துக்கொள்கிறார்கள். குடியேறிய நாட்டின் அலுப்பில் பங்கு கேட்பதும் குடியுரிமையில் ஒரு பகுதிதான்.

கொதிப்பின் சூட்டை அளந்துகொண்ட நிறுவனம் பழையதை விற்கவும் கற்றுக்கொண்டது. 2024 ஜனவரியில், அறுபதாம் ஆண்டு என்ற பெயரில், பட்டியலிலிருந்து முன்பு எடுத்துவிட்ட நான்கு டோனட்டுகளைக் குறிப்பிட்ட காலத்துக்குத் திரும்பக் கொண்டுவந்தது. டட்ச்சி, புளூபெரி ஃபிரிட்டர், வால்நட் கிரஞ்ச், சினமன் சர்க்கரைத் திருகல். வாங்க வந்தவர்களில் பலர், இவற்றை எடுத்தபோது கடையைச் சபித்தவர்கள்.

மூன்று மாதம் கழித்து, ஏப்ரலில், செயலிக்குக் குடிபெயர்ந்த அந்த ‘ரோல் அப்’ போட்டியில் கலந்துகொண்ட சிலருக்கு மின்னஞ்சல் ஒன்று வந்தது: உங்களுக்கு ஒரு மீன்பிடிப் படகும் அதை ஏற்றிச் செல்லும் டிரெய்லரும் பரிசு. வீட்டில் எங்கே நிறுத்துவது என்று இடம் பார்த்தவர்கள்கூட உண்டு. சில மணி நேரத்தில் இன்னொரு மின்னஞ்சல்: தொழில்நுட்பக் கோளாறு, மன்னிக்கவும். முந்தைய ஆண்டும் 10,000 டாலர் பரிசு என்று திரையில் காட்டிவிட்டு இதே பதிலைச் சொல்லியிருந்தார்கள். கியூபெக்கில் வழக்கறிஞர்கள் கூட்டு வழக்குக்கு மனுப் போட்டார்கள். படகு கைவிட்டுப் போனவர்கள் தொலைக்காட்சியில் தோன்றி, பல ஆண்டு வாடிக்கையாளரான எனக்கே இப்படியா என்று கேட்டார்கள். 2025இல் போட்டி மறுபடி வந்தது.